செல்போன் காட்டும் எல்லை நிஜ எல்லையா? எஃப்எம்பி முதல் ட்ரோன் சர்வே வரை... நில அளவையின் அடிப்படை இதுதான்!

நகர்ப்புற நிலங்களை வானிலிருந்து படமெடுத்து புதிதாக அளக்கும் 'நக்ஷா' திட்டத்தை மத்திய அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 26 மாநிலங்கள், 3 யூனியன் பிரதேசங்களைச் சேர்ந்த 152 நகர உள்ளாட்சி அமைப்புகள் சேர்க்கப்பட்டன. கிராமக் குடியிருப்புகளை ட்ரோன் மூலம் அளக்கும் 'ஸ்வாமித்வா' திட்டம் 2020 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டது.

இன்னொரு பக்கம், செல்போனில் ஒரு செயலியைத் திறந்து சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உங்க வேலி எங்க நிலத்துக்குள்ள ரெண்டு மீட்டர் வந்திருக்கு" என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

பத்திரத்தில் ஒரு அளவு, பட்டாவில் ஒரு அளவு, செல்போனில் ஒரு அளவு. இதில் எதை நம்புவது? நில அளவையில் எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'இதை எங்கிருந்து அளந்தாங்க?' இந்த ஒரு கேள்வி புரிந்துவிட்டால் எஃப்எம்பி, ஜிபிஎஸ், கடல் மட்டம், ட்ரோன் சர்வே எல்லாமே புரிந்துவிடும். விரிவாகப் பார்க்கலாம்.

சென்ட் கணக்கு எங்கிருந்து வந்தது?

1620-களில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலியை வடிவமைத்தார். நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணிதான் 'லிங்க்'. அதாவது 7.92 அங்குலம், சுமார் 20 சென்டிமீட்டர்.

இந்த விநோதமான 66 அடிக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் உள்ள சதுரத்தைப் போல 10 சதுரங்கள் சேர்ந்தால் சரியாக 1 ஏக்கர். லிங்க்கில் சொன்னால் 1 ஏக்கர் என்பது 1 லட்சம் சதுர லிங்க். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 சதுர லிங்க்தான் 1 சென்ட். இன்றைக்கு நாம் மனை வாங்கும்போது பேசும் 435.6 சதுர அடி இப்படித்தான் வந்தது.

ஆனால் பட்டாவில் சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும். 1 ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். 100 ஏர் சேர்ந்தால் 1 ஹெக்டேர். பட்டாவில் '0 - 12.50' என்று இருந்தால் பலர் பன்னிரண்டரை சென்ட் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பன்னிரண்டரை ஏர். சென்ட் கணக்கில் சுமார் 31 சென்ட்!

எஃப்எம்பி படத்தில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வருவாய்த் துறையில் ஒரு வரைபடம் உண்டு. அதுதான் புலப்படம், எல்லோரும் சொல்லும் பெயரில் எஃப்எம்பி. தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே இதைப் பதிவிறக்கம் செய்யலாம். பார்த்தால் கோடும் எண்ணுமாகக் குழப்பமாக இருக்கும். உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது.

நிலம் பெரும்பாலும் கோணல் மாணலாகத்தான் இருக்கும். அதை அப்படியே அளக்க முடியாது. அதனால் நிலத்துக்குள் ஒரு கல்லில் இருந்து இன்னொரு கல்லுக்கு நேர்க்கோடு ஒன்றைப் பிடிப்பார்கள். அது 'ஜி லைன்'. அந்தக் கோட்டின் மேலேயே நடந்துபோய், எத்தனை மீட்டரில் எல்லையின் ஒரு திருப்பம் வலது பக்கமோ இடது பக்கமோ வருகிறது என்று பார்ப்பார்கள். அந்த இடத்தில் இருந்து செங்குத்தாகத் திருப்பம் வரை அளப்பார்கள். அந்தச் செங்குத்து அளவுக்கு 'ஆஃப்செட்' என்று பெயர். திருப்பங்களை இணைத்தால் வருவதுதான் எல்லைக் கோடு, அதாவது 'எஃப் லைன்'. சர்வேயரை வரவழைத்து எல்லையைக் காட்டச் சொல்லும் மனுவை 'எஃப் லைன் மனு' என்று சொல்வது இதனால்தான்.

கவனிக்க வேண்டிய விஷயம் இதுதான்: எஃப்எம்பியின் எல்லா அளவும் அந்த இரண்டு கற்களை நம்பியே இருக்கின்றன. கல் காணாமல் போனால், காகிதத்தில் இருக்கும் 'ஜி லைனை' தரையில் எங்கே பிடிப்பது? அப்போது சர்வேயர் பக்கத்து சர்வே எண்களின் கற்களைத் தேடி, மூன்று கிராமங்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள கல் வரைக்கும்கூடப் போய், அங்கிருந்து அளந்துகொண்டு வர வேண்டியிருக்கும். உங்கள் நிலத்தை அளக்க ஏன் பக்கத்துக் காட்டில் சங்கிலி போடுகிறார்கள் என்பதற்குப் பதில் இதுதான். சர்வே கல்லைப் பிடுங்கிப் போடுவது சட்டப்படி குற்றம். ஒரு கல் போனால் அதை நம்பி நிற்கும் பல நிலங்களின் எல்லையும் கேள்விக்குறியாகும்.

படத்தில் ஒரு கோடு, தரையில் ஒரு மீட்டர்

எஃப்எம்பியில் 'அளவுத்திட்டம் 1:2000' என்று இருந்தால், படத்தில் 1 சென்டிமீட்டர் தரையில் 20 மீட்டருக்குச் சமம். படத்தில் போட்ட கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்றால், தரையில் அது 1 மீட்டர் அகலம்! அதனால் ஸ்கேலை வைத்துப் படத்தை அளந்து எல்லை சொல்வது தவறு. படத்தில் எழுதியிருக்கும் எண்களைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, நில அளவையில் பரப்பு என்றாலே கிடைமட்டப் பரப்புதான். மேலிருந்து பார்த்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் கணக்கு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் 20 டிகிரி சரிவில் டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு 30 மீட்டர் அளந்தால், பதிவேட்டுக் கணக்கில் அது 28.19 மீட்டர்தான். 'சர்வேயர் குறைச்சு அளந்துட்டார்' என்ற புகார் வரும்போது, டேப் எப்படிப் பிடிக்கப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும்.

செல்போன் புள்ளி ஏன் நகர்கிறது?

தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் நேரத்தைச் சொல்லும் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து செல்போன் தூரத்தைக் கணக்குப் போடும. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இடம் தெரிந்துவிடும்.

சிக்கல் நேரத்தில்தான். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கு தப்பினாலே தூரம் 30 சென்டிமீட்டர் மாறும். சிக்னல் காற்று மண்டலத்தில் தாமதமாகும். பக்கத்துக் கட்டடத்தில் மோதித் திரும்பி வரும். தென்னந்தோப்புக்குள் நின்றால் பாதி வந்தே சேராது. திறந்த வெளியில்கூட சாதாரண செல்போனின் பிழை சுமார் 5 மீட்டர் வரை இருக்கும்.

5 மீட்டர்தானே என்று விட முடியாது. 50 மீட்டர் நீளமுள்ள ஒரு எல்லை 5 மீட்டர் தள்ளிப்போனால், 250 சதுர மீட்டர் இடம் கைமாறும். அதாவது 6 சென்ட்டுக்கும் அதிகம். சென்னையில் ஒரு கிரவுண்ட் என்பதே 2,400 சதுர அடி, அதாவது ஐந்தரை சென்ட்தான். செல்போனின் சாதாரணத் தடுமாற்றம் ஒரு கிரவுண்டையே விழுங்கிவிடும்!

செயலிகளில் செயற்கைக்கோள் படத்துக்கு மேல் தெரியும் சர்வே எண் கோடுகளுக்கும் இதே பிரச்சினை உண்டு. பழைய எஃப்எம்பியில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. அதைப் பின்னாளில் இழுத்துப் பொருத்தித்தான் படத்தின் மேல் போடுகிறார்கள். அந்தச் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் தள்ளி இருக்கலாம். உங்கள் சர்வே எண் ஊரில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள செயலி உதவும். வேலி போட உதவாது.

பூமிக்கே ஒரு அளவுகோல்: பரங்கிமலையில் தொடங்கிய கதை

ஒரு வயலை அளக்க இரண்டு கல் போதும். ஒரு நாட்டையே அளக்க? அந்த வேலை தொடங்கியது சென்னையில்தான். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை பகுதியில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். வெயிலில் இரும்புச் சங்கிலி நீண்டுவிடும் என்பதால் அதற்கு நிழல் கட்டி அளந்தார்கள். அந்தக் கோட்டில் தொடங்கி, கோணங்களை அளந்து, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக நாடு முழுக்கப் போனார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவியின் எடை மட்டும் சுமார் அரை டன். 1808-ல் தஞ்சை பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அது சேதமடைந்த சம்பவமும் நடந்தது.

பூமி சரியான உருண்டை இல்லை, துருவங்களில் லேசாகத் தட்டையானது. மேடு பள்ளமான நிஜ பூமியில் கணக்குப் போட முடியாது என்பதால், வழவழப்பான ஒரு மாதிரி பூமியைக் கற்பனை செய்துகொள்வார்கள். அது 'நீள்கோளம்'. அந்த மாதிரியை நிஜ பூமியோடு எங்கே, எப்படிப் பொருத்துகிறோம் என்பதுதான் 'டேட்டம்', அதாவது ஆதாரத் தளம்.

லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் கணக்கிட்ட மாதிரியைத்தான் இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் பயன்படுத்தின. அதன் ஆதாரப் புள்ளி மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூர். ஜிபிஎஸ் பயன்படுத்துவது 'டபிள்யூஜிஎஸ் 84' என்ற வேறு மாதிரி. பூமத்திய ரேகையில் இரண்டு மாதிரிகளின் ஆரமும் சுமார் 860 மீட்டர் வேறுபடுகிறது. பழைய வரைபடத்தில் இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை மாற்றாமல் அப்படியே ஜிபிஎஸ்ஸில் போட்டால், நூறு மீட்டருக்கு மேல்கூடத் தள்ளிக் காட்டும். ரெண்டு எண்ணும் சரிதான். அளக்கத் தொடங்கிய பூமிதான் வேறு வேறு!

கடல் மட்டத்தில் நின்றால் மைனஸ் காட்டுவது ஏன்?

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்தில் இருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் மட்டம் அலையிலும் ஏற்ற இறக்கத்திலும் மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பல ஆண்டுகள் பதிவு செய்து எடுத்த சராசரிதான் அந்தக் கணக்குக்குப் பூஜ்ஜியம். சென்னை, நாகப்பட்டினம் உள்பட 9 துறைமுகங்களின் கடல் மட்டப் பதிவுகளை வைத்து 1909-ல் நாட்டுக்கான உயர ஆதாரத்தை அமைத்தார்கள். அங்கிருந்து உயரத்தைக் கடத்திக்கொண்டு வந்து, ஊர் ஊராகக் குறித்து வைத்த புள்ளிகள்தான் 'பென்ச் மார்க்'.

ஜிபிஎஸ்ஸுக்குக் கடல் தெரியாது. அது உயரத்தை நீள்கோளத்தில் இருந்து அளக்கும். நிஜக் கடலோ, பூமியின் ஈர்ப்பு எங்கே கூடுகிறது, குறைகிறது என்பதைப் பொறுத்து மேலும் கீழுமாக இருக்கிறது. கடல் அமைதியாக இருந்தால் எடுக்கும் அந்த வடிவத்துக்கு 'ஜியாய்டு' என்று பெயர். உலகிலேயே அது மிகவும் தாழ்ந்திருக்கும் பகுதி நமக்குப் பக்கத்தில், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது. ஆழம் சுமார் 106 மீட்டர். அதன் தாக்கத்தால் மெரினாவில் நின்று ஜிபிஎஸ் கருவியின் நேரடி உயரத்தைப் பார்த்தால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 80 மீட்டருக்கும் அதிகமாகக் காட்டும். திருத்தம் செய்த பிறகுதான் அது கடல் மட்ட உயரம் ஆகும்.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று நினைக்கலாம். மழைநீர் வடிகால் எந்தப் பக்கம் சாய வேண்டும், ஏரி நிரம்பினால் எந்தத் தெரு முதலில் மூழ்கும், வீட்டுத் தளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதெல்லாம் இந்த உயரக் கணக்கில்தான் இருக்கிறது. சமவெளியான சென்னையில் அரை மீட்டர் பிழை என்றால், தண்ணீர் போக வேண்டிய திசையே மாறிப்போகலாம்.

ட்ரோன் சர்வே எப்படி நடக்கிறது?

புதிய முறையில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று 'கார்ஸ்' நிலையம். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் நிரந்தரமாக நிற்கும் ஜிபிஎஸ் நிலையம் இது. தன் இடம் அதற்குத் தெரியும் என்பதால், செயற்கைக்கோள் இப்போது எவ்வளவு தப்பாகச் சொல்கிறது என்பதும் தெரியும். அந்தத் திருத்தத்தை உடனுக்குடன் சர்வேயர் கையில் இருக்கும் கருவிக்கு அனுப்பும். 5 மீட்டர் பிழை சில சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க இப்படிப்பட்ட நிலையங்களை அமைத்திருக்கிறது.

இரண்டாவது, ட்ரோன் படம். தரையில் சில இடங்களில் அடையாளம் போட்டு, அவற்றைக் கார்ஸ் துணையோடு அளந்துவைப்பார்கள். ட்ரோன் எடுத்த படங்களை அந்தப் புள்ளிகளோடு பொருத்தி, சாய்வு, கோணல் நீக்கி, அளக்கத்தக்க ஒரே படமாக மாற்றுவார்கள்.

இதிலும் 'எங்கிருந்து' என்ற கேள்வியோடு 'எப்போது' என்ற கேள்வியும் உண்டு. இந்தியா இருக்கும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 20 வருஷத்தில் 1 மீட்டர்! உங்கள் நிலமும் பக்கத்து நிலமும் சேர்ந்தே நகர்வதால் எல்லை மாறாது. ஆனால் செயற்கைக்கோள் கணக்கில் அதன் எண் மாறும். அதனால்தான் புள்ளிகளின் எண்களோடு எந்த ஆண்டுக்கானது என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

துல்லியம் வந்தால் சண்டை தீர்ந்துவிடுமா?

இங்கேதான் கவனம் தேவை. ட்ரோனுக்கு வரப்பு தெரியும், சுவர் தெரியும், வேலி தெரியும். அந்த வேலி சரியான இடத்தில் போடப்பட்டதா என்பது தெரியாது. ஆக்கிரமிப்பு வேலியையும் அது சென்டிமீட்டர் துல்லியத்தில் படமெடுக்கும். மரம் மூடிய எல்லையும், கூரை நீட்டிய சுவரும் அதற்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் படம் எடுத்த பிறகும் ஆள் நேரில் வந்து, உரிமையாளர்களைக் கேட்டு, வரைவு வெளியிட்டு, ஆட்சேபணை வாங்க வேண்டியிருக்கிறது.

ஆந்திராவில் நடந்தது இதற்கு உதாரணம். ஜெகன்மோகன் ரெட்டி ஆட்சியில் 2020 டிசம்பரில் மாநிலம் முழுக்க மறு அளவை தொடங்கியது. கருவியெல்லாம் நவீனம்தான். ஆனால் நிலத்தின் பரப்பு குறைந்துவிட்டதாகப் புகார்கள் வந்தன. எல்லைக் கல்லிலும் பாஸ் புத்தகத்திலும் முதல்வரின் படம் இடம்பெற்றது சர்ச்சையானது. கூடவே கொண்டுவந்த நில உரிமைச் சட்டம் 2024 தேர்தலில் பெரும் விவகாரமாகி, சந்திரபாபு நாயுடு ஆட்சிக்கு வந்ததும் ரத்து செய்யப்பட்டது. மக்கள் பயந்தது அளவுக் கருவியைப் பார்த்து இல்லை, 'எங்க நிலம் எங்ககிட்ட கேட்காம மாறிடுமோ' என்றுதான்.

அளவை சொல்வது 'எங்கே, எவ்வளவு' என்பதை மட்டும்தான். 'யாருடையது' என்பதைப் பத்திரம், வாரிசுரிமை, அனுபவம், கடைசியாக நீதிமன்றம் சொல்ல வேண்டும். பட்டா வருவாய்த் துறை ஆவணம்தான், அது மட்டுமே உரிமையை உருவாக்காது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. பத்திரத்தில் பரப்பும் நான்கு எல்லையும் முரண்பட்டால், பொதுவாக எல்லை விவரத்துக்கே முன்னுரிமை தரப்படுகிறது.

நில உரிமையாளர்கள் என்ன செய்ய வேண்டும்?

* பத்திரம், பட்டா, எஃப்எம்பி மூன்றையும் எடுத்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏர் கணக்கை சென்ட்டாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும்.

* உங்கள் நிலத்தைச் சுற்றி எந்தெந்த சர்வே கற்கள் இன்னும் இருக்கின்றன என்று இப்போதே தேடிப் பாருங்கள். தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். காணாமல் போயிருந்தால், சண்டை வரும் வரை காத்திருக்காமல் அளக்க விண்ணப்பியுங்கள்.

* சர்வேயர் வரும் நாளில் நேரில் இருங்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போனதா என்று கேளுங்கள். எந்தக் கல்லில் இருந்து அளக்கிறார் என்பதையும் கேட்டுக் குறித்து வையுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

* மறு அளவை வரைவு வெளியானால் அலட்சியம் வேண்டாம். ஆட்சேபணைக்கு காலக்கெடு உண்டு, அது நோட்டீஸிலேயே இருக்கும். வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களின் நிலம்தான் இதில் அதிகம் கோட்டை விடும் வாய்ப்புள்ளது. ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் எழுத்துபூர்வமாக அதிகாரம் கொடுத்து வைப்பது நல்லது.

* செயலியில் தெரியும் கோட்டை வைத்து வேலியைப் பிடுங்கவோ, சுவர் எழுப்பவோ வேண்டாம்.

பழைய சங்கிலியோ புதிய ட்ரோனோ, ஏதோ ஒரு புள்ளியை நம்பித்தான் அளவைத் தொடங்குகிறது. அடுத்த முறை யாராவது செல்போனைக் காட்டி உங்கள் எல்லை தப்பு என்று சொன்னால், கோபப்படாமல் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதை எங்கிருந்து அளந்தீங்க?"